புள்ளியில் நிழல் பிடிப்பது: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், கோடே இல்லாமல் புள்ளிகளால் மட்டும் வரைந்த ஒரு மண்பானைப் படத்தை வெளியிட்டு, "நீங்களும் வரைந்து பாருங்கள், எங்கே தடுக்கிறதோ அதை எழுதுங்கள்" என்று கேட்டிருந்தோம். செங்கோட்டை, கம்பம், மூணாறு, சித்தூர், களியக்காவிளை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன.

கேள்வி: எலுமிச்சம்பழம் ஒன்றைப் புள்ளி வைத்து வரைந்தேன். ஓரம் முழுக்க நெருக்கமாக வைத்து, நடுவில் குறைத்தேன். உருண்டையாகத் தெரியவில்லை, தட்டு மாதிரி இருக்கிறது. என்ன தப்பு சார்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, செங்கோட்டை

ஓரம் முழுக்க ஒரே அடர்த்தியில் வைத்ததுதான் தப்பு. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கத்து ஓரம் வெளுத்துத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: பழத்தின் மிக இருண்ட இடம் ஓரத்தில் இல்லை, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பிறை வடிவில் இருக்கிறது. ஏனென்றால், மேசையில் பட்ட வெளிச்சம் திரும்பிப் பழத்தின் அடி ஓரத்தில் மெல்லியதாக விழுகிறது. ஒரு எலுமிச்சையை வெள்ளைத் தாள்மேல் வைத்து, இடது பக்கம் மேலிருந்து ஒரே ஒரு விளக்கைக் காட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அந்தப் பிறை தெளிவாகத் தெரியும்.

பழத்துக்குப் போகும் முன் ஒரு பயிற்சி செய்துவிடுங்கள். 1 செ.மீ. சதுரங்கள் ஐந்தை வரிசையாக பென்சிலில் போடுங்கள். முதல் சதுரம் வெள்ளையாகவே இருக்கட்டும். காகிதத்தில் ஏறக்குறைய 0.5 மி.மீ. அகலப் புள்ளி விழும் பேனாவாக இருந்தால், இரண்டாவதில் 50 புள்ளி, மூன்றாவதில் 150, நான்காவதில் 350, ஐந்தாவதில் 700. இவை முறையே பத்தில் ஒரு பங்கு, கால், பாதி, முக்கால் கறுப்பு. ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், இந்த அளவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். கால் பங்குக்கு 150 என்றால் முக்காலுக்கு 450தானே வர வேண்டும் என்று கேட்கலாம். சதுரம் நிரம்ப நிரம்ப, புதுப்புள்ளி பழைய புள்ளியின் மேலேயே விழுகிறது, பாதி வீணாகிறது. அதனால்தான் முக்காலுக்கு 700 வரை போகிறது. முதல்முறை வரைபவர்களின் படம் பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடுவதற்கும் காரணம் இதுதான். இருட்டுக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்று கை அறியாமல், பாதி வழியில் போதும் என்று நிறுத்திவிடுகிறது.

இனி பழம். 3 செ.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் வெளிவடிவம். விளக்கு நேராகப் படும் ஒளிப்பொட்டுக்கு ஒரு சிறு வட்டம், இருண்ட பிறைக்கு ஒரு வளைவு. அதன் பிறகு நான்கு சுற்று. முதல் சுற்றில் ஒளிப்பொட்டைத் தவிர எல்லா இடத்திலும் 2 மி.மீ. இடைவெளியில் புள்ளி. இரண்டாம் சுற்றில் விளக்குப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். மூன்றாவது, நிழல் பாதியில் மட்டும். நான்காவது, பிறையிலும் பழம் மேசையைத் தொடும் இடத்திலும். ஒவ்வொரு சுற்றும் முடிகிற எல்லையில் கத்தரித்தது போல நிறுத்தாமல், சில புள்ளிகளை 3, 4 மி.மீ. தாண்டிச் சிதறவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பழத்தில் பட்டை பட்டையாக வளையங்கள் தெரியும். மேசைமேல் விழும் நிழல், பழத்தின் அடியில் மிகக் கறுப்பாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போகக் கலைய வேண்டும். அது இல்லாவிட்டால் பழம் அந்தரத்தில் மிதக்கும்.

வெளிக்கோட்டை மையால் இழுக்கவே வேண்டாம். வெளிச்சப் பக்கத்தில் ஓரம் காணாமல் போனால் போகட்டும், பார்ப்பவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

கேள்வி: என்ன பேனா, என்ன காகிதம் வாங்க வேண்டும்? பால்பாயிண்ட் பேனா போதாதா? பிள்ளைகளுக்கு விலை அதிகமில்லாததாகச் சொல்லுங்கள்.
– பள்ளி ஓவிய ஆசிரியை, களியக்காவிளை

பால்பாயிண்ட் இந்த வேலைக்கு ஒத்துவராது. அதன் முனையில் உள்ள குண்டு உருண்டால்தான் மை இறங்கும். புள்ளி வைக்கும்போது குண்டு உருள்வதில்லை. அதனால் நாலு புள்ளி மங்கலாக விழும், ஐந்தாவதில் சேர்ந்திருந்த மை சொட்டாக இறங்கும். ஜெல் பேனா பரவாயில்லை, மை சட்டென்று இறங்குகிறது. காயத்தான் நேரமாகும், கை பட்டால் இழுசிவிடும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். அதன் மை காகிதத்தில் பரவும், வெயிலில் நிறமும் போகும்.

நன்றாக வருவது நார்முனை உள்ள நிறமி மைப் பேனா. சகுரா பிக்மா மைக்ரான் வாங்கினால் மூடியில் உள்ள எண்ணை அப்படியே மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 005 என்பது 0.20 மி.மீ., 01 என்பது 0.25, 03 என்பது 0.35, 05 என்பது 0.45. வகுப்புக்கு ஒரே பேனா என்றால் 05. இரண்டு வாங்க முடிந்தால் 05-ம் 01-ம். மெல்லிய பேனாதான் அழகு என்று நினைத்து 005-ல் தொடங்குவது பலர் செய்யும் தவறு. புள்ளியின் அகலம் பாதியானால் பரப்பு கால்பங்காகும். அதே கறுப்புக்கு நாலு மடங்கு புள்ளி வேண்டும். பிள்ளைகள் சலித்துப்போவார்கள்.

பேனாவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் புள்ளி முட்டை வடிவாகும். முனை காகிதத்தைத் தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும். குத்தினால் நார்முனை உலோகக் குழாய்க்குள் அமுங்கிவிடும், பிறகு அந்தப் பேனா எழுந்திருக்காது.

காகிதம்: ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாள் பயிற்சிச் சதுரங்களுக்குப் போதும். படத்துக்கு 150 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேல், வழவழப்பான பக்கம். பிரிஸ்டல் எனப்படும் வழவழப்பான தடித்த தாள் கிடைத்தால் அதுவே சிறந்தது. நீர்வண்ணத்துக்கான சொரசொரப்புத் தாளில் புள்ளி மேட்டில் ஒரு அளவும் பள்ளத்தில் ஒரு அளவுமாக விழும்.

கேள்வி: மழைக்காலத்தில் எல்லாப் புள்ளியும் பூச்சிக்கால் முளைத்த மாதிரி பரவிவிடுகிறது. பேனாவை மாற்றியும் அதேதான்.
– தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர், மூணாறு

பேனாமேல் குற்றமில்லை, காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கிறது. காகிதத்தின் நாருக்கு மேல் மை ஊறாமலிருக்க ஒரு பசை பூசியிருப்பார்கள். ஈரக்காற்றில் நார் உப்பி, அந்தக் காப்பு தளர்ந்து, மை நார் வழியே ஓடுகிறது. நீங்கள் சொல்லும் பூச்சிக்கால்கள் அந்த நார்களின் தடம்தான்.

தாள்களை மூடக்கூடிய பிளாஸ்டிக் உறையில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். வரையும்போது ஒரு தாளை மட்டும் வெளியே எடுங்கள். சுவரோரம் கிடந்த தாளாக இருந்தால், மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, மிதச்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை ஓட்டி, ஆறவிட்டு வரையலாம். நீராவி கூடாது. பசை ஒருமுறை முழுக்கக் கெட்டுப்போன தாளை எப்படிக் காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. ஓரத்தில் பத்துப் புள்ளி வைத்துப் பாருங்கள், பரவினால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். பென்சில் கோட்டை அழிப்பதற்கும் அவசரம் வேண்டாம். மற்ற இடங்களில் கால் மணி நேரம் போதும், உங்கள் ஊர் மழையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

கேள்வி: எவ்வளவு கவனமாக இருந்தாலும் புள்ளிகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. தள்ளி நின்று பார்த்தால் புழு ஊர்வது போல இருக்கிறது. வாசலில் இருபது வருடமாகக் கோலம் போடுகிற கை எனக்கு. அதனாலா?
– இல்லத்தரசி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

அதனாலேயேதான். கோலத்துக்கு வரிசை பிசகாமல் புள்ளி வைக்கப் பழகிய கை, நிழலிலும் முந்தைய புள்ளிக்குப் பக்கத்தில் அதே இடைவெளியில் அடுத்ததை வைக்கிறது. மூன்று புள்ளி ஒரே நேரில் நின்றால் கண் அதைக் கோடாக்கிவிடும். நிழலில் கண்ணுக்குப் பாதை கிடைக்கக் கூடாது.

இதற்கு ஒரு விதி சொல்கிறோம்: புள்ளியைப் பார்க்காதீர்கள், வெள்ளையைப் பாருங்கள். அந்தச் சின்ன இடத்துக்குள் மிகப் பெரிய வெள்ளை இடைவெளி எது என்று தேடி, அதன் நடுவில் அடுத்த புள்ளி. பிறகு மீண்டும் பெரிய இடைவெளி. இப்படி வைத்தால் வரிசையும் வராது, ஒரே இடத்தில் குவிந்து கறையாவதும் இருக்காது. முதலில் மெதுவாகத்தான் போகும். இரண்டு மூன்று சதுரம் நிரப்பிய பிறகு கண் தானாகவே இடைவெளியைத் தேடத் தொடங்கும். பத்து இருபது புள்ளிக்கு ஒருமுறை தாளைக் கால்வட்டம் திருப்புவதும் உதவும், கை ஒரே திசையில் ஓடாது.

ஏற்கெனவே விழுந்த புழுவை மறைக்க, அந்த வரிசைக்குள் புள்ளி சேர்க்க வேண்டாம், இன்னும் தடிக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி ஒன்றிரண்டு வையுங்கள். வரிசை அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் கோலம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு பயனும் இல்லையா?
– கல்லூரி மாணவி, கம்பம்

நிறைய இருக்கிறது! நிழலுக்குத்தான் ஒழுங்கு ஆகாது. அலங்காரத்துக்கு ஒழுங்குதான் உயிர். ஊடுபுள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி, ஒரு அறுகோணம். இதைத் தாளில் கொண்டுவர, புள்ளிக்குப் புள்ளி 1 செ.மீ. வையுங்கள். வரிசைக்கு வரிசை 1 செ.மீ. வைத்தால் அறுகோணம் நீண்டு போகும். 8.7 மி.மீ. வைத்தால்தான் பக்கத்துப் புள்ளிகள் மூன்றும் சம முக்கோணமாக நிற்கும். தரையில் கைக்கணக்கில் சரியாக வந்துவிடுவதை, தாளில் அளவுகோலால் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த 37 புள்ளிக்குள் 54 சிறு முக்கோணங்கள் இருக்கின்றன. கோடு இழுக்காமல் அவற்றைப் புள்ளியால் நிரப்புங்கள். ஒன்றில் 3 புள்ளி, அடுத்ததில் 6, அதற்கடுத்ததில் 10, ஒன்று வெறுமை. 3, 6, 10 ஆகிய மூன்றையும் 1–2, 1–2–3, 1–2–3–4 என்று முக்கோண அடுக்காகவே வைக்க முடியும், அதனால் உள்ளே அழகாக உட்காரும். நடுவில் 10, வெளியே போகப் போக 6, 3 என்று குறைத்தால், நட்சத்திரம் ஒன்று நடுவில் எழும்பி நிற்பது போலத் தெரியும். இரண்டு முக்கோணம் சேர்ந்த சாய்சதுரங்களாகப் பிரித்து, ஒரு திசையில் இருப்பவற்றுக்கு 10, இன்னொரு திசைக்கு 3, மூன்றாவது திசைக்கு வெறுமை என்று கொடுத்தால், பெட்டிகளை அடுக்கியது போன்ற தோற்றம் வரும். ஒழுங்கான புள்ளியும் ஒளி–நிழல் கணக்கும் ஒரே படத்தில் சேர்வதை இதில் பார்க்கலாம்.

கோலத்தில் புள்ளி, கோட்டுக்கு வழிகாட்டிவிட்டு அதற்குள் அடங்கிவிடுகிறது. தாளில் புள்ளியே கடைசிவரை நிற்கப் போகிறது என்பதால் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு வால் முளைத்தாலும் அலங்காரத்தில் அது உடனே கண்ணில் படும். பேனாவை எடுக்கும் முன்பே கையை அடுத்த இடத்துக்கு நகர்த்தத் தொடங்குவதால் வருவது அந்த வால். தொட்டு, நேராகத் தூக்கி, பிறகு நகருங்கள்.

கேள்வி: வீட்டில் விழுந்த சக்கையை (பலாப்பழத்தை) பார்த்து வரைந்தேன். முள் ஒவ்வொன்றையும் விடாமல் போட்டேன். மீன்வலை போர்த்திய மாதிரி வந்திருக்கிறது.
– ரப்பர் தோட்டத் தொழிலாளி, மார்த்தாண்டம்

எல்லா முள்ளையும் ஒரே மாதிரி போட்டதுதான் வலையாகிவிட்டது. சக்கை முதலில் ஒரு பெரிய உருளை, பிறகுதான் முள். செங்கோட்டை மாணவிக்குச் சொன்ன நான்கு சுற்றில் முதல் இரண்டை முள்ளை மறந்துவிட்டு முழுப் பழத்துக்கும் போடுங்கள். பிறகு பென்சிலால், பழத்தின் வளைவை ஒட்டி இரண்டு திசையிலும் சாய்ந்த வளைகோடுகள் இழுங்கள். அவை வெட்டும் இடம் முள்ளின் நுனி. 8 செ.மீ. பழத்துக்கு நடுவில் 4 மி.மீ. இடைவெளி சரியாக இருக்கும். ஓரத்துக்கு வரும்போது 2 மி.மீ. வரை நெருங்க வேண்டும், ஏனென்றால் அங்கே தோல் நம்மைவிட்டுத் திரும்புகிறது.

நடுவில் உள்ள முள்ளை நாம் நேர் எதிரே பார்க்கிறோம். அது கூராகத் தெரியாது, சின்ன மொட்டாகத்தான் தெரியும். விளக்குக்கு எதிர்ப்பக்கம் பிறை வடிவில் ஐந்தாறு புள்ளி, நுனியில் ஒன்று, அவ்வளவுதான். ஓரத்து முள்தான் பக்கவாட்டில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே வெளிவடிவத்தைப் பல்லுப்பல்லாக விடுங்கள். வெளிச்சம் நன்றாகப் படும் இடத்தில் முக்கால்வாசி முட்களை விட்டுவிடலாம், இங்கொன்றும் அங்கொன்றும் போதும். நிழல் பக்கத்தில் முள்ளைப் புள்ளியால் காட்டக் கூடாது, முள்ளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை 05 பேனாவால் கறுப்பாக்கினால் முள் தானாக வெளியே வரும். காம்புப் பக்கம் முள் சிறுத்து நெருங்குவதையும் கவனியுங்கள்.

முள் மிகத் தெளிவாகத் தெரிவது வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் நடுப்பட்டையில். உங்கள் நேரத்தில் பாதியை அந்தப் பட்டைக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் வரைந்தால் கட்டைவிரல் மரத்துப்போகிறது. ஒரு படத்துக்கு எத்தனை புள்ளிதான் ஆகும்?
– ஓய்வு பெற்ற தபால்காரர், புளியரை

05 பேனாவில் 3 செ.மீ. எலுமிச்சைக்கு ஏறக்குறைய 1,500 புள்ளி. நொடிக்கு இரண்டு என்றால் பதின்மூன்று நிமிடம். அதே பழம் 5 செ.மீ. அகலத்தில், 03 பேனாவில் 6,500-ஐத் தாண்டும், ஒரு மணி நேர வேலை. நொடிக்கு மூன்றுக்கு மேல் போனால் வால் விழத் தொடங்கும், வேகத்தால் லாபமில்லை.

விரலை மடக்கி நீட்டிப் புள்ளி வைப்பதால்தான் மரத்துப்போகிறது. பேனாவைத் தளர்வாகப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து தட்டுங்கள். பலகையை ஒரு செங்கல் உயரத்துக்குச் சாய்த்து வைத்தால் கழுத்துக்கும் நல்லது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, ஆறடி தள்ளி நின்று படத்தைப் பாருங்கள். கைக்கு ஓய்வு, கண்ணுக்கும் எங்கே அடர்த்தி குறைகிறது என்று தெரியும். மரத்துப்போவது ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: தவறி விழுந்த புள்ளியை எப்படி அழிப்பது?
– தென்காசி

தடித்த தாள் என்றால், மை நன்றாகக் காய்ந்த பிறகு புது பிளேடின் மூலையால், படுக்கை வாட்டில், மெல்லச் சுரண்டலாம். சுரண்டிய இடத்தில் மறுபடி மை வைத்தால் பரவும். மெல்லிய தாளில் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு புள்ளி. ஒளிப்பொட்டுக்குள் விழுந்தால் மட்டும் இந்தச் சிரமம் எடுங்கள். வேறெங்கே விழுந்தாலும் சுற்றிலும் நாலு புள்ளி சேர்த்தால் போதும்.

கேள்வி: இது வெளிநாட்டிலிருந்து வந்த முறையா? செய்தித்தாள் படத்திலும் புள்ளி தெரிகிறதே, இரண்டும் ஒன்றா?
– அச்சகத் தொழிலாளி, போடிநாயக்கனூர்

அச்சுப் புள்ளி வேறு. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: செய்தித்தாளில் புள்ளிகளின் இடைவெளி மாறுவதில்லை, அளவு மாறுகிறது. கையால் வரைவதில் அளவு மாறுவதில்லை, இடைவெளி மாறுகிறது. பிரான்சின் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை வரைந்த, ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையைக் காட்டும் ஓவியம் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். இப்போது சிகாகோவில் இருக்கிறது. அதில் வண்ணப் புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலப்பதைப் பார்ப்பவர் கண்ணுக்கே விட்டார். நாம் பேசுவது ஒரே மையில் ஒளியும் நிழலும் காட்டுவது.

புள்ளியால் நிழலிடுவது நம் நாட்டு நூலிலேயே இருக்கிறது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி நிழலிடும் முறைகள் மூன்றைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் பிந்துஜம். பிந்து என்றால் புள்ளி.

கேள்வி: என் பேரனுக்கு ஆறு வயது. அவனும் கேட்கிறான். பேனா கொடுக்கலாமா?
– மறையூர்

நார்முனைப் பேனாவை அந்த வயதில் குத்தி உடைத்துவிடுவார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியும் போஸ்டர் வண்ணமும் கொடுங்கள். வண்ணம் தயிர்ப் பதத்தில் இருக்கட்டும், தண்ணீராக இருந்தால் வழியும். ஒரு வண்ணத்துக்கு ஒரு குச்சி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாவிலையை நீங்களே பென்சிலில் வரைந்து, நடுநரம்புக்கு ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளி விட்டும் வைக்கச் சொல்லுங்கள். பஞ்சு நைந்து போனால் புள்ளி சிதறும், குச்சியைத் திருப்பி அடுத்த முனையை எடுத்துக்கொள்ளலாம்.